மே மாசத்துப் பிள்ளைகள்

— டேய் சுகுணா, நான் உன்னைக் கேக்கல, உன் பிள்ளையைக் கேக்கறேன். நீ சொல்லு பாப்பா, உன் பொறந்தநாள் எப்போ?

— மே இருபத்தெட்டு!

— அட, டக்குனு வருதே. இப்போ என்ன வயசு?

— அஞ்சு முடிஞ்சு பதினோரு நாள் ஆச்சு!

— பதினோரு நாளா? விரல் விட்டு எண்ணி வச்சிருக்கியா? சரி, பொறந்தநாளுக்கு அப்பா கேக் வாங்கிக் குடுத்தாரா?

— குடுத்தாரே! மேல பஞ்சுத் தாடி வச்ச தாத்தா நின்னாரு. வாசல்ல காகித நட்சத்திரம் தொங்கவிட்டோம். உள்ள பல்பு எரிஞ்சுது.

— சுகுணா.

— டீச்சரே.

— மே மாசத்துல கிறிஸ்துமஸ் தாத்தாவா?

— பேக்கரிக்காரன் பழைய பொம்மையைத் தலையில கட்டிட்டான் டீச்சரே.

— நட்சத்திரம்?

— அது... டிசம்பர்ல கட்டினது. கழட்ட மறந்துட்டோம்.

— அஞ்சு மாசமா?

— பொண்டாட்டி பிந்துதான் இருக்கட்டும்னா. ராத்திரி வாசலுக்கு வெளிச்சமா இருக்காம்.

— ரெண்டாங்கிளாஸ்ல என்கிட்ட படிச்சப்பவும் நீ இப்படித்தான்டா. வீட்டுப்பாட நோட்டை ஆத்து வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சுன்னு சொன்ன. அப்போ கொளுத்தற வெயில் காலம். ஆத்துல கணுக்கால் நனைய தண்ணி இல்ல.

— இன்னும் அதை மறக்கலையா டீச்சரே?

— எப்படி மறப்பேன்? பாப்பா, அப்பா உனக்கு இதெல்லாம் எப்போ சொல்லிக் குடுத்தாரு?

— காலையில ஆட்டோவுல. கரெக்டா சொன்னா உண்ணியப்பம் வாங்கித் தரேன்னாரு. நான் கரெக்டா சொன்னேனா?

— நீ கரெக்டாத்தான் சொன்ன. உங்கப்பாதான் கோட்டை விட்டாரு. டிசம்பர்ல பொறந்த, நாலரை வயசுப் பிள்ளையைக் கொண்டுவந்து ஒண்ணாங்கிளாஸ்ல சேர்க்கச் சொல்றியே, உனக்கே நல்லாருக்கா?

— டீச்சரே, நான் சொல்றதக் கேளுங்க. ஸ்கூல் திறந்து இன்னிக்கி ஆறாம் நாள். பன்னிரண்டு மணிக்குள்ள நீங்க தலைக்கணக்கு அனுப்பணும். ஒண்ணாங்கிளாஸ்ல எத்தனை பேரு?

— பதினாலு.

— எத்தனை வேணும்?

— பதினஞ்சு. எனக்கே பாடம் எடுக்கறியா?

— ஒண்ணே ஒண்ணு குறையுது. பதினாலுன்னு போட்டீங்கன்னா ஒண்ணையும் ரெண்டையும் ஒரே கிளாஸா ஆக்கிடுவாங்க. ஒண்ணாங்கிளாஸ் எடுக்கற ஷைனி டீச்சருக்கு வேலை போச்சு. சரிதானே?

— சரிதான். நான் என்ன சும்மாவா இருந்தேன்? ஏப்ரல், மே ரெண்டு மாசமும் செருப்புத் தேய வீடு வீடா ஏறி இறங்கினோம். எல்லா அம்மாவும் ஒரே கேள்விதான் கேப்பாங்க. "ஒண்ணாங்கிளாஸுக்கு நல்ல டீச்சர்தானே வராங்க?" ஆமாம்மா, நல்ல டீச்சர், பாடுவா, ஆடுவா, மூக்குகூட சிந்தி விடுவான்னு மூச்சு வாங்கச் சொல்லுவேன். கேட்டுட்டு, டீயும் குடுத்துட்டு, நேரா குன்னு மேல இருக்கற இங்கிலீஷ் ஸ்கூல்ல கொண்டுபோய்ச் சேர்ப்பாங்க. அந்தப் பிள்ளைங்களை மேல ஏத்திட்டுப் போறது யாரு? நம்ம சுகுணனோட ஆட்டோ!

— வயித்துக்கு ஓட்டறேன் டீச்சரே. என் பிள்ளையை எங்க சேர்த்திருக்கேன்னு பாருங்க. மூத்தவ நீது இங்கதான் மூணாங்கிளாஸ்.

— அது ஒண்ணுக்காகத்தான் உன்னை இந்த நாற்காலியில உக்கார வச்சிருக்கேன். தள்ளு, கம்ப்யூட்டரைத் திறக்கணும். மணி பதினொண்ணே கால் ஆச்சு.

— பதினாலுன்னு போடப் போறீங்களா?

— பதினாலு பேர் இருந்தா பதினாலுன்னுதான் போடணும்.

— ஒரு தடவை அனுப்பிட்டா மாத்த முடியாதே!

— தெரியுதுல்ல? அப்போ பேசாம இரு.

— டீச்சரே, டீச்சரே, ஒரு நிமிஷம். உங்க பொறந்தநாள் என்னிக்கி?

— எதுக்கு?

— சும்மா சொல்லுங்க.

— மே இருபத்தஞ்சு.

— ரெஜிஸ்டர்ல இருக்கறது வேணாம். அம்மா வயித்துலேர்ந்து எப்போ வந்தீங்க?

— ...நவம்பர்.

— ஆங்! என்னோடது மே இருபது. நான் பொறந்தது ஓணத்துக்கு முந்தின நாள். ரெண்டாங்கிளாஸ் வாத்தியார் சோமன் மாஷ் மே பதினெட்டு. சோறாக்கற கார்த்தியாயனி அக்கா மே இருபத்திரெண்டு. மே முப்பத்தொண்ணு சாயங்காலம் நம்ம நாட்டுல ரிட்டயர்மென்ட் மாலை விழாத ஆபீஸ் ஒண்ணு காட்டுங்க பாப்போம். இந்த நாட்டு அம்மாமாருங்க மீதி பதினோரு மாசமும் என்ன பண்ணிட்டிருந்தாங்க?

— வாயை அளந்து பேசு, பிள்ளை இருக்கு.

— அப்பல்லாம் பழைய ஹெட்மாஸ்டர் கேளப்பன் மாஷ் பிள்ளையை நிக்க வச்சு ஏற இறங்கப் பாப்பாரு. வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொட்டா போதும், வயசு அஞ்சு, பொறந்தது மே மாசம்னு எழுதிடுவாரு. எங்க மாளு தொடுவா டீச்சரே. மாளூ, காதைத் தொட்டுக் காட்டு.

— எட்டல அப்பா.

— எக்கித் தொடுடி.

— எக்கினா கை எப்படிப்பா நீளும்?

— கேட்டுக்கோ. உன்னைவிட உன் பிள்ளைக்கு மூளை இருக்கு. சுகுணா, அந்தக் கேளப்பன் மாஷ் எனக்கு என்ன செஞ்சாருன்னு தெரியுமா? இதே ஸ்கூலு, இதே ஆறாம் நாளு. ஒரு தலை குறைஞ்சுது. நாலரை வயசுல நான் எங்க வீட்டு வேலி ஓரமா நின்னு கொய்யாக்காய் தின்னுட்டு இருந்தேன். தூக்கிட்டு வந்து பெஞ்சுல உக்கார வச்சு மே இருபத்தஞ்சுன்னு எழுதிட்டாரு. ஸ்கூல் பொழச்சுது. எனக்கு? வர்ற மே முப்பத்தொண்ணு நான் வீட்டுக்குப் போகணும். நிஜமாப் பாத்தா எனக்கு இந்த ஸ்கூல்ல இன்னும் ஆறு மாசம் பாக்கி இருக்கு. அந்த ஆறு மாசத்தை ஒரு கொய்யாக்காய்க்குப் பறிகொடுத்துட்டேன். எனக்கு அது வலிக்குதுடா. உன் பிள்ளைக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். செய்யணும்னாலும் முடியாது, இப்போ பொறந்த தேதியை ஆஸ்பத்திரியிலேயே கம்ப்யூட்டர்ல ஏத்திடறாங்க.

— கொய்யாக்காய் நல்லா இருந்துச்சா?

— துவர்த்துச்சு பாப்பா.

— டீச்சரே, நீங்க மனசு வச்சா...

— போதும் போதும். என்ன அடிக்கடி வெளிய எட்டி எட்டிப் பாக்கற?

— மழையை. ஆட்டோவுக்கு மேல படுதா கிழிஞ்சிருக்கு.

— அப்பா, கிச்சு டையைக் கழட்டித் தலையில கட்டிக்கிட்டான்!

— யாரு கிச்சு?

— பூனைக்குட்டி டீச்சரே. எங்க வீட்டுப் பூனைக்குட்டி. பின்னாடியே ஓடிவந்து ஆட்டோவுல ஏறிடுச்சு.

— பூனை டை கட்டுமா?

— இப்ப வர்ற பூனைங்கல்லாம் கட்டுதுங்க டீச்சரே. காலம் அப்படி.

— உனக்கு இன்னிக்கி என்னமோ ஆயிடுச்சு. அந்த ஷைனியைப் பாரு, அவளுக்காகத்தான் இத்தனையும். அவ என்னடான்னா இன்னிக்கின்னு பாத்து அரை நாள் லீவு சொல்லிட்டாளே! சோமன் மாஷ் ரெண்டு கிளாஸையும் மேய்ச்சுட்டு இருக்காரு. என்ன காரியம்னு கேட்டா, "சொந்தக் காரியம் டீச்சரே"ன்னு போனை வச்சுட்டா. வேற வேலை தேடப் போயிருப்பா. அவளைக் குத்தம் சொல்ல முடியுமா?

— அவங்க அப்படிப் போக மாட்டாங்க.

— உனக்கு எப்படித் தெரியும்?

— எனக்குத் தெரியும். டீச்சரே, எங்க நீதுவைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா? ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்தப்ப, ஜூன்லேர்ந்து ஓணம் வரைக்கும் இந்த ஸ்கூல்ல அவ ஒரு வார்த்தை பேசல. ஒரு வார்த்தை! டவுன்ல டாக்டர்கிட்ட காட்டினோம், கோவில்ல மணி கட்டினோம். பிந்து தினம் அழுவா. வீட்டுக்கு வந்தா மட்டும் பின்பக்கம் விறகுக் கொட்டகையில உக்காந்து எங்க கோழி தாட்சாயணிகிட்ட பேசுவா.

— தெரியும், தெரியும். அந்தக் கோழியை நான் மறக்க முடியுமா?

— ஒரு ஞாயித்துக்கிழமை ஷைனி டீச்சர் யார்கிட்டயும் சொல்லாம வந்து, கொட்டகைக்குப் பின்னால குந்தி உக்காந்து கேட்டாங்க. நீது மொத்தப் பாடத்தையும் கோழிக்கு நடத்திட்டு இருக்கா! தப்பு பண்ணினா அதட்டவும் செய்யறா. டீச்சர் எங்ககிட்ட வந்து, "நாளைக்கி தாட்சாயணியையும் ஸ்கூலுக்கு அனுப்புங்க"ன்னாங்க. எனக்கு இவங்களுக்கும் டாக்டர் பாக்கணுமோன்னு தோணுச்சு. அனுப்பினோம். பெஞ்சுல நீதுவுக்குப் பக்கத்துல கோழி. ரெஜிஸ்டரை எடுத்து ஒவ்வொரு பேராக் கூப்பிட்டாங்க. கடைசியில "தாட்சாயணி"ன்னாங்க. கோழி தலையைச் சாய்ச்சுப் பாக்குது. இன்னொரு தடவை "தாட்சாயணி வரலையா? ஆப்சென்ட் போடட்டுமா?"ன்னாங்க. நீது எழுந்து நின்னு, "ஆஜர் டீச்சர், அவளுக்குப் பேச வராது"ன்னா. நான் வாசல்ல ஆட்டோவை ஆஃப்கூட பண்ணாம நின்னுட்டு இருந்தேன். அழுதுட்டேன் டீச்சரே. பட்டப்பகல்ல, காக்கிச் சட்டையோட.

— நானும் ஜன்னல் பக்கத்துல நின்னுட்டுத்தான் இருந்தேன். ஆனா அன்னிக்கின்னு பாத்துத்தானே கல்வி ஆபீஸர் வந்தாரு! அவர் கண்ணெதிரே உன் தாட்சாயணி வருகைப் பதிவேடு மேல ஏறி உக்காந்து முட்டை போட்டுட்டா. "பரீட்சையில முட்டை வாங்கற பிள்ளைங்களைப் பாத்திருக்கேன், முட்டை போடற பிள்ளையை இப்பத்தான் பாக்கறேன்"னாரு மனுஷன். எனக்குத் தலையைக் கொண்டுபோய் எங்க வச்சுக்கறதுன்னு தெரியல.

— இப்போ நீதுவை நிறுத்துங்க பாப்போம், வாயை மூட மாட்டேங்கறா. அந்த டீச்சர் இல்லாத ஸ்கூலுக்கு என் மாளுவை நான் எப்படி அனுப்புவேன்? அடுத்த வருஷம் இவ வர்றப்போ ஷைனி டீச்சர் இங்க இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்.

— இப்படிப் புகழ்றியே, கோர்வையா! எத்தனை பேர்கிட்ட ஒத்திகை பாத்த?

— தினம் காலையில ஒருத்தர்கிட்ட சொல்லுவேன்.

— யாருகிட்ட?

— சவாரி வர்றவங்ககிட்டதான்.

— சொல்லி என்ன? ஒரு பிள்ளை வந்துச்சா? ஏன் வரலைன்னு நான் சொல்லட்டா? ஷைனியும் நானும் உங்க தெருவுக்கு வந்தப்போ உன் பொண்டாட்டி பிந்து என்ன கேட்டா, ஞாபகம் இருக்கா?

— அவ வாய்க்குப் பூட்டு கிடையாது டீச்சரே.

— "இத்தனை சொல்றீங்களே ஷைனி டீச்சரே, உங்க பையன் எங்க படிக்கப் போறான்?"னு கேட்டா. நாலு வீட்டுப் பொம்பளைங்க முன்னாடி. ஷைனி குடிச்சுட்டு இருந்த டீயைப் பாதியிலேயே வச்சுட்டா. ஷார்ஜாவுல இருக்கற புருஷன் பிடிவாதமா நின்னு மகனைக் குன்னு மேலதான் சேர்த்திருக்கான். அந்த அபினவை நீதானே தினம் ஏத்திட்டுப் போற?

— நான்தான்.

— அப்புறம் யாரு நம்புவாங்க? நான் அவளைத் திட்டல. நாலு தடவை கேட்டேன், "உன் பையனை உன் கிளாஸ்லயே உக்கார வையேன்"னு. தலையைக் குனிஞ்சுப்பா. அஞ்சாவது தடவை கேக்க எனக்கே மனசு வரல. தள்ளு இப்போ. ஆபீஸ்லேர்ந்து போன் அடிக்குது பாரு. ஹலோ, ஆமா சார், தலைமையாசிரியை பத்மாக்ஷிதான் பேசறேன்... இதோ சார், பத்து நிமிஷத்துல அனுப்பிடறேன்... இல்ல சார், பதினஞ்சு ஆகல... தெரியும் சார். வைக்கறேன்.

— என்ன சொல்றாரு?

— நம்ம ஸ்கூல் மட்டும்தான் பாக்கியாம். ஒண்ணாங்கிளாஸ்... ஆண்பிள்ளை ஆறு... பெண்பிள்ளை எட்டு... மொத்தம்... அய்யோ! என்னடா இது, அணைஞ்சு போச்சு?

— மழைக்குக் கரண்டு போயிருக்கும் டீச்சரே.

— ஃபேன் சுத்துதே!

— ஃபேன் வேற லைன்.

— அப்பா காலால வயரை இழுத்தாரு டீச்சர். நான் பாத்தேன். கட்டைவிரலால.

— மாளூ! உனக்கு உண்ணியப்பம் கிடையாது.

— சுகுணா! எழுந்திருடா. நாலு பிள்ளைங்க பாக்கற இடத்துல உன்னைப் பெஞ்சு மேல ஏத்தி நிக்க வைக்கட்டுமா? ரெண்டாங்கிளாஸ்ல பண்ணின சேட்டையை இப்பவும் பண்ணறியே, முடி நரைக்க ஆரம்பிச்சுடுச்சு உனக்கு!

— ஏத்துங்க டீச்சரே. ரெண்டு மணி நேரம்கூட நிக்கறேன். இன்னும் ஒரு பத்து நிமிஷம் மட்டும் அனுப்பாதீங்க.

— பத்து நிமிஷத்துல என்ன ஆகாசத்துலேர்ந்து பிள்ளை விழுமா?

— விழலாம்.

— அப்பா, கிச்சுவுக்கு ஒண்ணுக்கு வருதாம். ஆட்டோவுலேர்ந்து கையைக் காட்டறான்.

— பூனை கையைக் காட்டுதா?

— கிச்சு பூனை இல்ல டீச்சர். கிச்சு பையன்.

— சுகுணா, என்னைப் பாரு. ஆட்டோவுல யாரை வச்சிருக்க?

— சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன் டீச்சரே. நடக்காம போனா உங்க மனசு விட்டுப் போயிடும், முன்னாடியே சொல்லாதீங்கன்னு. வாயைத் திறக்க மாட்டேன்.

— வாயைத் திறக்காதவன்தான் இவ்வளவு நேரம் பேசினானா? வயரைச் சொருகு. மணி பதினொண்ணு அம்பத்தி மூணு ஆச்சு. சொருகுடா. ம்... வந்துடுச்சு. ஆண்பிள்ளை ஆறு... பெண்பிள்ளை...

— மெதுவா டைப் பண்ணுங்க டீச்சரே, விரல் வலிக்கப் போகுது.

— எட்டு...

— அப்பா, கிச்சுவோட அம்மா வந்துட்டாங்க! குடையே இல்ல!

— உள்ள வரலாமா டீச்சரே?

— ஷைனியா? வா வா, இப்பவாவது வந்தியே! என்ன இது, தொப்பலா நனைஞ்சு? நடந்தா வந்த?

— மேலேர்ந்து பஸ் கிடைக்கல டீச்சரே. பாதி ஓடினேன், பாதி வழுக்கினேன். காகிதம் மட்டும் நனையல, பாலித்தீன் கவர்ல சுத்தி ஜாக்கெட்டுக்குள்ள வச்சுட்டேன். அனுப்பிட்டீங்களா?

— இன்னும் இல்ல. இவன் எங்க விட்டான்? சரி, போ, தலையைத் துவட்டிட்டு கிளாஸுக்குப் போ. சோமன் மாஷ் தொண்டை கட்டிப் போச்சு.

— என் லீவு பன்னிரண்டு மணி வரைக்கும் இருக்கு டீச்சரே. இன்னும் நான் டீச்சர் இல்ல.

— பின்ன யாராம்?

— ஒரு பிள்ளையோட அம்மா. அபினவைக் குன்னு மேல ஸ்கூல்லேர்ந்து நிறுத்திக் கூட்டிட்டு வந்துட்டேன். கிச்சு, உள்ள வாடா. டையைத் தலையிலேர்ந்து எடு.

— ...உன் புருஷன்?

— போன்ல ஒரு வாரமாச் சண்டை. இன்னிக்கி காலையில, "உன் இஷ்டம்"னு வச்சுட்டாரு. அவர் இஷ்டம்னு சொன்னா கோவம்னு அர்த்தம். பரவால்ல, லீவுல வரட்டும், தாட்சாயணியைக் காட்டிச் சமாதானம் பண்ணிக்கறேன்.

— சுகுணா, அப்போ உன் மே இருபத்தெட்டு, காதைத் தொடற கூத்து, கட்டைவிரல்...

— உங்க விரலை அந்த பட்டன்லேர்ந்து தள்ளி வைக்கத்தான் டீச்சரே. வேற எதுவும் தோணல.

— உன்னை அப்புறம் பெஞ்சு மேல ஏத்தறேன். குடு ஷைனி, அந்த சர்டிபிகேட்டை. அபினவ். பொறந்த தேதி... மே முப்பது?

— ஆமா டீச்சரே.

— சுகுணா! இவளுக்கும் நீதான் சொல்லிக் குடுத்தியா?

— அய்யோ சத்தியமா இல்ல டீச்சரே! அது ஆஸ்பத்திரி முத்திரை!

— நிஜமாவே மே மாசத்துல பொறந்தான் டீச்சரே. நம்ம நாட்டுல ஒருத்தனாவது பொறக்கணும்ல?

— ஷைனி, எனக்கு மறைக்காம சொல்லு. வேலை போயிடும்னு பயந்துதான் இதைச் செய்யறியா?

— பயம்தான் டீச்சரே. பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பதினாலு பேரையும் விட்டுட்டு எங்க போவேன்னு பயம். ஆனா தினம் காலையில கிச்சுவை ஆட்டோவுல ஏத்தறப்போ சுகுணன் அண்ணன் அந்தக் கோழிக் கதையைச் சொல்லுவாரு. எனக்கே சொல்லுவாரு, வேற யாரோ ஒரு டீச்சரைப் பத்திச் சொல்ற மாதிரி. கேட்டுக் கேட்டு எனக்குப் பொறாமையா ஆயிடுச்சு. இப்படி ஒரு டீச்சர் பக்கத்துலயே இருக்காங்களாம், நான் என் பையனை மலையேத்தி அனுப்பறேன்.

— பேனா எங்க? மாளூ, அந்தப் பேனாவை எடு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, மழைச் சாரல் அடிக்குது.

— ஜன்னல் மூடியிருக்கே டீச்சர்.

— நீ சும்மா இரு பாப்பா. ஆண்பிள்ளை ஏழு, பெண்பிள்ளை எட்டு. மொத்தம் பதினஞ்சு. ஷைனி, இங்க கையெழுத்துப் போடு. அம்மா பேருக்கு நேரா.

— போடறேன் டீச்சரே. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். எல்லா அம்மாவும் கேக்கறதுதான். ஒண்ணாங்கிளாஸுக்கு நல்ல டீச்சர்தானே வராங்க?